கறுப்பியைக் கண்ணைப் பார்க்க வைத்த கதை

கறுப்பி தெருவில் கிடைத்த நாய்க்குட்டி. வந்த புதிதில், பாசம் என்று நினைத்துக் குனிந்து அவள் கண்ணையே பார்ப்பேன். தலையைத் திருப்புவாள், மூக்கை நக்குவாள், கொட்டாவி விடுவாள். தூக்கமாக்கும் என்று இருந்துவிட்டேன். உண்மையில் அது சங்கடம். நாய்களுக்குள் முறைத்துப் பார்ப்பது கிட்டத்தட்ட வம்புக்கு இழுப்பதுதான்.

அப்புறம் முறையை மாற்றினேன். தரையில் சற்றுச் சாய்வாக உட்காருங்கள். வேகவைத்த கோழித் துண்டை மூடிய கையில் வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நாய் முகரும், பிறாண்டும். வாயைத் திறக்காதீர்கள். ஒரு கட்டத்தில் "என்னதான் வேணும் உனக்கு?" என்பது போல முகத்தைப் பார்க்கும். அந்த நொடியிலேயே "சபாஷ்" சொல்லித் துண்டைக் கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தினம் 5 நிமிடம் போதும். பார்க்கும் நேரத்தை ஒவ்வொரு நொடியாகக் கூட்டுங்கள். நடுநடுவே கண்ணைச் சிமிட்டுங்கள். கறுப்பிக்கு இது பழக 3 வாரம் ஆனது.

2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டபோது இருவருக்குமே ஆக்சிடோசின் கூடியதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்க்கும் அதே ஹார்மோன். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அப்படி நடக்கவில்லை.

ஒன்று, பழக்கமில்லாத நாயிடம் இதை முயலவே வேண்டாம். எலும்பு கடிக்கும் நாயிடமும்தான். உடல் விறைத்து வெள்ளை விழி தெரிந்தால், பார்வையைத் தாழ்த்தி மெல்ல விலகுங்கள்.

இப்போது கேட்டைத் திறக்கும் முன் கறுப்பி தானாகவே என்னைப் பார்க்கிறாள். நான் சாப்பிடும்போதும் பார்க்கிறாள். அதைத்தான் நிறுத்த முடியவில்லை.