ஐம்பதில் மறுபடியும் பந்தய லேனுக்கு

பள்ளிப் பருவத்தில் மாநிலத்துக்காக நீந்திப் பதக்கம் வாங்கியவர் முப்பது வருடம் கழித்துக் குளத்தில் இறங்கினால், முதல் வாரமே ஒன்று புரிந்துவிடும்: நீச்சல் மறக்கவில்லை. கை தண்ணீரைப் பிடிக்கும் விதம், தலை வைக்கும் கோணம், உதையின் தாளம் எல்லாம் சீக்கிரமே திரும்பிவிடுகின்றன. தோளின் கதை வேறு. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அது சில வாரங்களில் தேறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக் கணக்கில் ஆகும். அதனால் தோள் தாங்குவதற்கு முன்பே பழைய வேகத்தில் நீந்திவிடுகிறோம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இந்த ஆபத்து கிடையாது. அவரால் அவ்வளவு வேகமாகப் போகவே முடியாது. முன்னாள் வீரர்களுக்கென்று தனியாக நான் எழுத உட்கார்ந்த காரணம் இதுதான்.

நான் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்தும் பாணியில் நீந்தியவள். எண்பதுகளின் இறுதியில் சுக்மா எனும் மலேசிய மாநிலங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகளில் நீந்தினேன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். இப்போது கோலாலம்பூரில் மாஸ்டர்ஸ் எனும் வயதுவந்தோருக்கான போட்டிகளில் நீந்துகிறேன். என்னோடு அந்தக் காலத்தில் பட்டர்ஃபிளை (இரு கைகளையும் ஒருசேர வீசும் பாணி) நீந்திய அண்ணன் ஒருவர் திரும்பி வந்த மூன்றாவது வாரமே கைத்தட்டு (தண்ணீரை வலுவாக இழுக்க உள்ளங்கையில் மாட்டும் தட்டு) மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் போனார். சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியாமல் பல மாதம் அவதிப்பட்டார். நல்ல நீச்சல்காரர். அவர் உடம்புக்குப் பழைய வேகம் நன்றாகவே நினைவிருந்தது. அதுதான் அவருக்கு வினையாகிவிட்டது.

முதலில் கிளினிக்குக்குப் போங்கள். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம். தெற்காசியர்களுக்கு மாரடைப்பும் இளம் வயதிலேயே வருகிறது. ஒரு காலத்தில் வீரராக இருந்தது இப்போது இதயத்துக்குக் காப்பு ஆகாது. ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இசிஜி பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்கள் நாடித்துடிப்பை வைத்துப் பயிற்சியை அளக்கக் கூடாது; அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. நீந்தி நின்றதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்வதே நம்பகமான அளவு.

தோளுக்கு ஒரு சோதனை. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் உள்ளாடைக் கொக்கியைப் போட முடிகிறதா? ஆண்கள் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுத்துப் பார்க்கலாம். கை போகவில்லை, வலி இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் அது தோள் இறுக்க நோயாக (ஃப்ரோசன் ஷோல்டர்) இருக்கலாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வருவது அது; பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் அதிகம். நீந்தி நீந்தி அதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் போய்க் காட்டுங்கள்.

குளம் எது என்பது அடுத்த கேள்வி. கோலாலம்பூர் சின் வூ அரங்கத்தின் 50 மீட்டர் குளம் திறந்தவெளி. மதியத்துக்குப் பிறகு இடி இடிக்கிற ஊர் இது. இடிச் சத்தம் கேட்டால் உடனே ஏறிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இறங்காதீர்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட புக்கிட் ஜாலில் தேசிய நீர்விளையாட்டு மையத்துக்குக் கூரை இருக்கிறது, எல்ஆர்டி ரயில் நிலையமும் பக்கத்திலேயே. போட்டிக்கும் தேசியப் பயிற்சிக்கும் மூடிவிடுவார்கள் என்பதால் கேட்டுக்கொண்டு போங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் திறந்தவெளியில் வேகப் பயிற்சி வேண்டாம்.

பயிற்சியில் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 1,000 மீட்டரைச் சுற்றிப் போதும். 200 மீட்டர் மெதுவாக, பிறகு 50 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 வினாடி ஓய்வு. மிச்சம் உதையும் நுட்பமும். கைத்தட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். துடுப்புக் காலணி மட்டும் எடுத்துப் போகலாம். அது காலுக்கு வேலை கொடுத்துத் தோளின் பாரத்தைக் குறைக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், 25 மீட்டர் வேக நீச்சல். இரண்டு வேக நாட்களுக்கும் நடுவில் குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். பதினேழு வயதில் காலையும் மாலையும் நீந்தியவர்களுக்கு இந்த இடைவெளி சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனால் ஐம்பதில் உடம்பு வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான்.

குளத்துக்கு வெளியே ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக் கையை வெளிப்பக்கம் இழுங்கள். தோளைக் காக்கும் சிறு தசைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பெண்களுக்கு இன்னொன்று: தண்ணீர் உடல் எடையைச் சுமந்துவிடுவதால் நீச்சல் எலும்பை உறுதியாக்குவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்கிற வயது இது. மாடிப்படி ஏறுங்கள், எடை தூக்குங்கள்.

நாம் விலகியிருந்த காலத்தில் விதிகள் மாறிவிட்டன. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய பழக்கத்தோடு போனால் தகுதி நீக்கம்தான் மிஞ்சும். பேக்ஸ்ட்ரோக்கில் திரும்பும்போது மல்லாந்தபடியே கையால் சுவரைத் தொட வேண்டும் என்பது நம் காலம். 1991 முதல் அது இல்லை. சுவரை நெருங்கும்போது குப்புறப் புரண்டு, நிறுத்தாமல் ஒரே இழுப்பு, உடனே குட்டிக்கரணம், காலால் சுவரைத் தொட்டு மல்லாந்தபடி கிளம்பலாம். புரண்ட பிறகு இழுப்பை முடித்துவிட்டுச் சும்மா மிதந்துகொண்டே சுவருக்குப் போனால் நடுவர் கை உயர்ந்துவிடும். இங்கேதான் பழைய எண்ணிக்கை காலை வாருகிறது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கொடிகள் தொங்குகின்றன. கொடியைப் பார்த்ததும் கை வீச்சுகளை எண்ணத் தொடங்குவோம். இளமையில் மூன்று வீச்சில் சுவரை அடைந்தவருக்கு இப்போது நான்கு வேண்டியிருக்கும். மூன்றிலேயே புரண்டால் சுவர் எட்டாது, மிதக்க நேரிடும். ஆகவே கொடியிலிருந்து சுவர்வரை புதிதாக எண்ணுங்கள், அதுவும் களைத்த பிறகு எண்ணுங்கள். பந்தயத்தின் கடைசித் திருப்பத்துக்கு அந்த எண்தான் உதவும்.

நீருக்கடியில் போகும் தூரம் இப்போது பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை, ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் 15 மீட்டர்தான். தவளை போல உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் புறப்பாட்டிலும் திருப்பத்திலும் ஒரு டால்பின் உதைக்கு (இரு கால்களையும் சேர்த்து அடிப்பது) அனுமதி வந்துவிட்டது. தவறான புறப்பாட்டுக்கு முன்பு போல ஒரு மன்னிப்பு கிடையாது. மாஸ்டர்ஸ் விதிகளில் நமக்கான சலுகைகளும் உண்டு: மேடையிலிருந்து குதிக்க விருப்பமில்லை என்றால் தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடி புறப்படலாம், பட்டர்ஃபிளையில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை போடலாம். முழங்கால் கேட்கவில்லை என்றால் கூச்சப்படாமல் இவற்றைப் பயன்படுத்துங்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது வயது அந்த ஆண்டின் டிசம்பர் 31ஐ வைத்துக் கணக்கிடப்படும். ஐந்தைந்து வயதுப் பிரிவுகள். டிசம்பரில் 55 ஆகிறவர் ஜனவரியிலேயே 55–59 பிரிவில் இளையவராக நீந்தலாம். அந்த ஆண்டை வீணாக்காதீர்கள். நேரம் கேட்கும் இடத்தில் பயிற்சியில் இப்போது எடுத்த நேரத்தை எழுதுங்கள். பெரும்பாலும் வயதைப் பார்க்காமல் நேரத்தை வைத்தே சுற்றுகளைப் பிரிப்பார்கள், பதக்கம் மட்டும் வயதுப் பிரிவுக்கு. பழைய சாதனையை எழுதினால் இருபத்தைந்து வயதுக்காரர்களின் அலையில்தான் நீந்த வேண்டிவரும்.

போட்டிகளைக் குறைவாகத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயதில் மூன்று வெள்ளி வாங்கினார். 50 மீட்டரில் 0.01 வினாடியில் தங்கம் போனது. அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலையும் வென்றிருந்தும், பெய்ஜிங்கில் அதைத் தனிப்பிரிவில் நீந்தாமல் விட்டுவிட்டார். எனக்கு அந்த முடிவின் மேல் அவர் பதக்கங்களைவிட மதிப்பு அதிகம். 1972 ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸோ, 1992 ஒலிம்பிக்குக்குத் திரும்ப முயன்று அமெரிக்கத் தேர்வுப் போட்டிக்கான நேரத்தையே எட்டவில்லை. உங்களுக்கு முதல் போட்டியில் 50 மீட்டர் ஒன்று, 100 மீட்டர் ஒன்று போதும்.

முழங்கால்வரை இறுக்கும் பந்தய உடையைப் போட்டி நாளில் முதன்முதலாக மாட்டாதீர்கள். ஈர உடம்பில் அது ஏறாது; நகம் பட்டால் கிழியும்; கால் மணி நேரம் பிடிக்கும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய நீச்சல் கண்ணாடி வாங்குங்கள், சுவர்க் கடிகாரம் தெரியும். சுவரில் ஒட்டியிருக்கும் போட்டிப் பட்டியலின் சின்ன எழுத்தை அதை வைத்துப் படிக்க முடியாது. அதனால் என் மகள் போட்டி எண், சுற்று, லேன் மூன்றையும் மார்க்கர் பேனாவால் என் முன்கையில் பெரிதாக எழுதிவிடுவாள். புறப்படும் இடத்தில் கையைப் பார்த்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம்.

தொடர் நீச்சலை விட்டுவிடாதீர்கள். நான்கு பேரின் வயதையும் கூட்டிப் பிரிவு போடுகிறார்கள்: 160–199, 200–239 என்று போகும். வயது கூடக்கூட நம்மைத் தேடுவார்கள். எங்கள் 200–239 கலப்பு மெட்லி (ஆண்களும் பெண்களுமாக நால்வர், ஆளுக்கு ஒரு பாணி) அணியில் பேக்ஸ்ட்ரோக்குக்கு நான் இருக்கிறேன், பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் ஆள் இருக்கிறார்கள். மூன்றாவதாகப் புறப்பட ஒரு பட்டர்ஃபிளை ஆண் வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையோடு வந்தாலும் சேர்த்துக்கொள்வோம்.