சாவோ பாலோ டு லிமா: எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம்னு நாமளே கணக்குப் போடறது எப்படி?

திருப்பூர்ல இருந்து பனியன் யாவாரமா தென் அமெரிக்கா கெளம்பறவங்க பிரேசிலையும் பெருவையும் ஒரே ட்ரிப்புல முடிச்சுப் போடலாம்னு பாப்பாங்க, சாவோ பாலோல பிராஸ், லிமால கமாரா, ரெண்டுமே நம்ம காதர்பேட்டையாட்டம் துணிக்கடையா நெருக்கியடிச்சுக் கெடக்கற ஏரியா, போதாக்கொறைக்கு பெருவோட பிமா காட்டனத் தொட்டுப் பாக்கோணும்னு ஆசை வேற. மேப்புல என்னமோ பக்கத்துல தானுங்க தெரியும்.

மொதல்ல தூரம். கூகுள் மேப்ல ரூட் போட்டுப் பாக்காதீங்க, அது ரோட்டு தூரம், ஆண்டிஸ் மலையெல்லாம் ஏறி எறங்கி ரொம்பக் கூடிரும். சாவோ பாலோ ஏர்போர்ட் மேல விரல அழுத்திப் புடிச்சா ஒரு பின் விழும், அதுல 'மெஷர் டிஸ்டன்ஸ்'னு இருக்கறத தட்டி லிமா ஏர்போர்ட் வரைக்கும் இழுங்க, சுமாரா 3,470 கிலோமீட்டர் காட்டும். கோயம்புத்தூர்ல இருந்து டெல்லிக்கு வான்வழியா 1,950 தான், அப்ப பாத்துக்கோங்க.

ஃப்ளைட்டு மணிக்கு சுமாரா 800 கிலோமீட்டர் போகும்னு வச்சு, இந்தத் தூரத்த 800ஆல வகுங்க. நாலேகால் மணி சொச்சம் வருதா, ஏறி எறங்கி ரன்வேல உருள்றதுக்கு முக்கா மணி சேத்துக்கோங்க, 5 மணி நேரம். போகும்போது எதிர்க்காத்து இருந்தா கொஞ்சம் கூடும், திரும்பும்போது கொறையும்.

அடுத்தது தான் நெறைய பேர் ஏமாறற எடம். டிக்கெட்டுல இருக்கறது அந்தந்த ஊரு டைம். சாவோ பாலோ நம்மள விட எட்டரை மணி நேரம் பின்னாடி, லிமா பத்தரை மணி நேரம் பின்னாடி. காலைல 10க்கு கெளம்பி மத்தியானம் 1 மணிக்கு லிமானு போட்டிருந்தா 3 மணி நேரம் இல்லீங்க, 2 கூட்டி 5. திரும்பி வரும்போது 10க்கு ஏறி சாயங்காலம் 4.50க்கு எறங்கறது பாக்க ஏழு மணி நேரமாட்டம் இருக்கும், 2 கழிச்சா நாலு அம்பது தான். அதனால லிமா போற அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு பார்ட்டிய பாக்கலாம், திரும்பற அன்னைக்கு யாருக்கும் டைம் குடுக்காதீங்க, பொழுது போயிரும். இந்த ரெண்டு ஊர்லயும் இப்ப கோடை வந்தா கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி மாத்தற சோலி இல்ல, பிரேசில் 2019லயே விட்டுருச்சு. சிலி போறதா இருந்தா மட்டும் தேதியப் பாத்துக்கோங்க, அங்க இன்னும் மாத்தறாங்க.

ஏர்போர்ட் கோடும் முக்கியம். லிமா ஃப்ளைட்டுக்கு குவாருல்ஹோஸ் போகோணும், கோடு ஜி.ஆர்.யு. ஊருக்குள்ளயே இருக்கற கோங்கோன்யாஸ் உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு, விராகோபோஸ் ஏர்போர்ட் கம்பினாஸ் பக்கம், ஊர்ல இருந்து 100 கிலோமீட்டர் கிட்ட. வெல கம்மினு அதுல புக் பண்ணிட்டு டாக்சிக்கு அழுவாதீங்க. சாவோ பாலோ டிராஃபிக் மோசமுங்க, வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு 3 மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல இருக்கறாப்புல கெளம்பிருங்க.

அப்புறம் மஞ்சக் காய்ச்சல் ஊசி, காமாலைக்கு இல்ல, யெல்லோ ஃபீவருக்கு. பிரேசில், பெரு எங்க இருந்து வந்தாலும் இந்தியால எறங்கறப்ப அந்த ஊசி போட்ட கார்டு கேப்பாங்க, இல்லைனா 6 நாள் வரைக்கும் தனியா ஒக்கார வச்சிருவாங்க. போட்டு 10 நாள் கழிச்சுத் தான் செல்லும், அதுவும் அரசாங்கம் அனுமதிச்ச சென்டர்ல போட்டா மட்டும் தான், அதனால டிக்கெட் போடறப்பவே அதுக்கும் தேதி வாங்கிருங்க.