பாக்கியை வரவைத்த ஒரு பக்கக் கடிதம்

மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டு அனுப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. வெளியூர்க் கடை ஒன்று தீபாவளிச் சரக்குக்கான பணத்தைப் பொங்கல் தாண்டியும் இழுத்தது. போன் போட்டால் "அனுப்பிடுறோம்ணே" என்பார்கள், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை எழுதித் தந்த கடிதம் நலம் விசாரித்து, நூல் விலையைப் புலம்பி, பணத்தைக் கடைசி வரியில் கேட்டது. சரி, படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். அதையே முதல் வரியாக்கினேன்: "கீழ்க்கண்ட பில் தொகையை வரும் 25-ஆம் தேதிக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறோம்." அடுத்து பில் எண், தேதி, சரக்கு இறங்கிய நாள், தொகை. கூடவே அவர்கள் கையெழுத்திட்ட டெலிவரி சலான் நகல். முதலாளி பெயருக்குப் போனால் மேஜையிலேயே கிடக்கும் என்று கணக்குப் பிரிவுக்கு எழுதி, அவருக்கு நகல் போட்டேன்.

சட்டத்தைக் கடைசிப் பத்தியில்தான் தொட்டேன், மிரட்டாமல். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.) காரமான வரிகளை அடித்துவிட்டேன்; ஆடிக்கும் அவர்கள் ஆர்டர் வேண்டுமே!

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, மெயிலிலும் போட்டேன். பெரும்பகுதி கெடுவுக்குள் வந்தது, மீதிக்குக் காசோலை.