குழந்தைக் கட்டிலுக்கு மெத்தை வாங்கும் முன்

கடையில் மெத்தையைப் பார்த்ததும் நாம் முதலில் கையை வைத்து அழுத்திப் பார்க்கிறோம். கை பஞ்சுப்பொதியில் புதைவதுபோல் புதைந்தால் குழந்தை சுகமாகத் தூங்கும் என்று மனம் நிறைகிறது. கைக்குழந்தையைப் பொறுத்தவரை அந்த மென்மைதான் ஆபத்து. கழுத்து நன்றாக நிற்காத குழந்தை தூக்கத்தில் குப்புறப் புரண்டுவிட்டால், முகம் புதையும் மெத்தையிலிருந்து தலையைத் தூக்கவோ திருப்பவோ அதற்கு வலு இருப்பதில்லை. மூக்கைச் சுற்றி விழும் குழியில், தான் வெளிவிட்ட காற்றையே அது மீண்டும் மீண்டும் சுவாசிக்க நேர்கிறது. எனவே முதல் ஓராண்டுக்கு மெத்தை தட்டையாகவும், பெரியவர்களுக்குச் சற்றுக் கடினம் என்று தோன்றும் அளவுக்கு உறுதியாகவும் இருக்க வேண்டும்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். மெத்தையைச் சமதளத்தில் கிடத்தி, நடுவில் உள்ளங்கையை ஊன்றி நன்றாக அழுத்திவிட்டுச் சட்டென்று எடுங்கள். பள்ளம் கையோடு கூடவே எழும்பி மறைய வேண்டும். ஐந்து விரல்களின் அச்சு ஓரிரு நொடிகள் தங்கி நின்றால் அந்த மெத்தை வேண்டாம். மெமரி ஃபோம் மெத்தைகளில் அச்சு அப்படித்தான் நிற்கும். உடலின் சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்பதற்கென்றே அவை செய்யப்படுகின்றன என்பதால், கைக்குழந்தைக்கு அவை அறவே பொருந்தாது. நடுவை அழுத்தியதோடு நிறுத்தாமல் நான்கு ஓரங்களையும் அழுத்திப் பாருங்கள், ஏனெனில் எழுந்து நிற்கத் தொடங்கும் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில்தான் நிற்கும்.

அடுத்தது அளவு. குழந்தைக் கட்டில்கள் பெரும்பாலும் 120 × 60 செ.மீ. அல்லது 140 × 70 செ.மீ. மெத்தைக்கு ஏற்றபடி வருகின்றன. அமெரிக்க அளவு ஏறத்தாழ 132 × 71 செ.மீ. ஆனால் அட்டையில் அச்சிட்ட அளவை நம்பி வாங்காமல், கட்டிலின் உட்புற நீள அகலத்தை நீங்களே அளந்து குறித்துக்கொண்டு போங்கள். என் மகளுக்கு நான் அட்டையைப் பார்த்து வாங்கிய மெத்தை பக்கவாட்டில் சரியாகத்தான் இருந்தது. மூலைகள் வளைவாக வெட்டப்பட்டிருந்ததால், ஒவ்வொரு மூலையிலும் என் கை மணிக்கட்டு வரை இறங்கியது. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மெத்தைக்கும் கட்டிலின் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. குழந்தையின் கையோ காலோ முகமோ அதில் சிக்கிக்கொள்ளும். சந்து இருந்தால் துணியைச் சுருட்டி அடைப்பது தீர்வாகாது, மெத்தையைத்தான் மாற்ற வேண்டும்.

கனமான மெத்தை உயர்ந்தது என்ற எண்ணமும் இங்கே செல்லாது. பத்து முதல் பதினைந்து செ.மீ. கனம் போதும். கட்டிலின் தளத்தை ஆகக் கீழே இறக்கி வைத்த நிலையில், மெத்தையின் மேற்பரப்பிலிருந்து தடுப்பின் உச்சி வரை குறைந்தது 50 செ.மீ. உயரம் மிஞ்ச வேண்டும். மெத்தை உயர உயரத் தடுப்பு தாழ்ந்துபோய், குழந்தை ஏறித் தாண்டுவது எளிதாகிவிடும்.

ஃபோம், ஸ்பிரிங், லேடெக்ஸ், தேங்காய் நார் ஆகிய எதுவானாலும் மேற்சொன்ன சோதனைகளில் தேறினால் வாங்கலாம். பஞ்சு அடைத்த மெத்தை நாளடைவில் கட்டிதட்டி நடுவில் குழிவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோம் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அடர்த்தி எண் அது எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் காட்டுமே தவிர, எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டாது.

பக்கச் சட்டத்தைக் கழற்றிச் சிறுவர் கட்டிலாக மாற்றக்கூடிய வகைக்கு இருபுற மெத்தைகள் கிடைக்கின்றன. ஒருபுறம் கைக்குழந்தைக்கு உறுதியாகவும், மறுபுறம் ஓராண்டு கடந்த பிள்ளைக்குச் சற்று மென்மையாகவும் இருக்கும். நான்கைந்து ஆண்டுகள் பயன்படும் கட்டிலுக்கு இது நல்ல தேர்வு. எந்தப் பக்கம் எந்த வயதுக்கு என்பது மெத்தையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

உறை நீர் புகாததாகவும், ஜிப்பைத் திறந்து கழற்றி 60 டிகிரி வெந்நீரில் துவைக்கக் கூடியதாகவும் இருந்தால் ஈரமும் தூசிப்பூச்சியும் தங்காது. அதற்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தாதீர்கள். அது முகத்தில் ஒட்டி மூச்சை அடைக்கும். புது மெத்தையில் சுற்றி வரும் பிளாஸ்டிக்கையும் முழுவதும் கிழித்து எடுத்துவிட வேண்டும். விரிப்பு நான்கு மூலையிலும் இழுத்துப் பிடித்து நிற்பதாக இருக்கட்டும்.

உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய மெத்தையை மறுப்பது சங்கடமானதுதான். ஆயினும் பிறர் பயன்படுத்திய மெத்தைக்கும் கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும் தொடர்பு இருப்பதை ஸ்காட்லாந்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காரணம் உறுதிப்படவில்லை என்றாலும், புதிதாக வாங்க வழியிருந்தால் புதிதையே வாங்குங்கள்.

சுருட்டி அடைத்து வரும் ஃபோம் மெத்தை முழுக் கனத்துக்கு விரிய ஓரிரு நாள் ஆகலாம். அதன் வாடை போகும் வரை காற்றோட்டமான அறையில் விரித்து வைத்துவிட்டு, பிறகு மறுபடி கையை ஊன்றிப் பாருங்கள். சளி பிடித்த குழந்தைக்குத் தலைப்பக்கம் உயரட்டும் என்று மெத்தையின் அடியில் தலையணையைச் சொருகாதீர்கள். குழந்தை சரிந்து கீழே நழுவிவிடும். மாதம் ஒருமுறை விரிப்பை எடுத்துவிட்டு, குழந்தை வழக்கமாகப் படுக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள்; அங்கே பள்ளம் விழுந்து எழாமல் இருந்தால் அந்த மெத்தையை மாற்றிவிடுங்கள்.