டிரிப் லைனில் ஆசிட் விடும்போது செய்யக் கூடாதவை

பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டைப் பக்கம் போர் தண்ணீர் பாயும் தக்காளித் தோட்டங்களில் டிரிப்பரின் (சொட்டு விழும் துளை) வாயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருப்பதைப் பார்க்கலாம். தண்ணீரோடு கரைந்து வரும் சுண்ணாம்புதான் அது. பாறைக்குள் இருந்தவரை அதைக் கரைத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் மேலே வந்ததும் வெளியேறுகிறது. வெயிலில் கறுப்புக் குழாய் சூடாகிறது. பாசனம் நின்றதும் நுனியில் தங்கிய மிச்சத் தண்ணீர் காய்கிறது. இப்படி இறுகுவதுதான் கால்சியம் கார்பனேட். இதைக் கரைக்கத்தான் லைனில் ஆசிட் விடுகிறோம். எண்ணெய்க் கிணறுகளிலும், எண்ணெயோடு வரும் நீர் மேலேறும்போது அழுத்தம் குறைந்து, குழாயின் உட்சுவரில் இதே உப்பு படிகிறது. அதைக் கரைப்பதில் எண்ணெய்த் துறையினர் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கற்றவற்றில் பல நம் தோட்டத்துக்கும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அடைத்திருப்பது என்ன என்று பார்க்காமலேயே ஆசிட் விடுவது. லேட்டரலின் (செடி வரிசையோடு ஓடும் சிறு குழாய்) கடைசியில் இருக்கும் டிரிப்பர் இரண்டை அறுத்துத் திறந்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி ஒரு கண்ணாடி டம்ளரில் போடுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நுரைக்காமல் மெல்லக் கரைந்து போனால் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில் கலக்கியதால் வந்தது. இரண்டுக்கும் ஆசிட் கேட்கும். கரையாமல் அடியிலேயே கிடந்தால் ஜிப்சமோ நுண்மணலோ களிமண்ணோ இருக்கும். எத்தனை கேன் விட்டாலும் அது போகாது. கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் அடர்த்தியாக ஒன்று சேர்ந்தாலே ஜிப்சம் விழுந்துவிடும். தளி, ஓசூர் பக்கம் ரோஜா பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு உரத்துக்கும் தனித்தனித் தொட்டி வைக்க வேண்டியது இதனால்தான். இன்னொரு வகை செம்பழுப்பாக, விரலில் வழவழவென்று ஒட்டும். அது இரும்பு பாக்டீரியா. அதற்குக் குளோரின்தான் மருந்து.

எண்ணெய்க் கிணற்றில் பேரியம் சல்பேட் படிந்துவிட்டால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அதை அசைக்காது. காரத்தன்மையுள்ள டி.டி.பி.ஏ. போன்ற ரசாயனத்தை இறக்கி, நேரம் கொடுத்துத்தான் கரைக்க வேண்டும். படிவு எது என்று தெரியாமல் அங்கே மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

குளோரின் என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. பாசிக்குப் பிளீச்சிங் பவுடர், உப்புக்கு ஆசிட், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய மோட்டார் ரூமில் அது ஆளைக் கொன்றுவிடும். தொட்டி, வாளி, மருந்தை லைனுக்குள் இழுத்துவிடும் வென்ச்சுரிக் குழாய் எதையும் நன்றாகக் கழுவாமல் இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. ஒன்றை முடித்து, லைன் முழுக்க நல்ல தண்ணீர் ஓடவிட்டு, இன்னொரு நாள் மற்றதைச் செய்யுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. தோட்டத்தில் வேலைக்கு வருபவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது அளவு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏக்கருக்கு இத்தனை லிட்டர் விட்டார் என்பது உங்களுக்குக் கணக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் 33 சதவீத ஆசிட் ஒரு லிட்டர், சுமார் அரைக் கிலோ சுண்ணாம்பைக் கரைக்கக் கூடியது. ஆனால் குழாயில் இருக்கும் படிவைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதனால் உங்கள் போர் தண்ணீர் 10 லிட்டரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, மில்லி மில்லியாக ஆசிட் விட்டுக் கலக்கி, புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். பேப்பரில் 4 காட்டும்வரை எவ்வளவு பிடித்தது என்று பாருங்கள். 8 மில்லி பிடித்தால் 1,000 லிட்டருக்கு 800 மில்லி. லைனில் மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதை வைத்து மீதியைக் கணக்குப் போடலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் தண்ணீரின் தன்மை மாறும் என்பதால் மறுபடி அளந்துகொள்வது நல்லது. தண்ணீர்ப் பரிசோதனை பற்றி பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

இப்படி விடும்போது லைனின் கடைசி முனையில் பி.எச். 4 வந்ததும் நிறுத்தி, மூடி, 24 மணி நேரம் விட்டு, மறுநாள் திறந்து கழுவ வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. கழுவுவதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். முதலில் சப்மெயினின் (லேட்டரல்களுக்குத் தண்ணீர் தரும் குழாய்) ஃபிளஷ் வால்வு, அப்புறம் நாலைந்து லேட்டரலாக முனையைத் திறந்து, கலங்கல் நின்று தெளியும்வரை ஓடவிடுங்கள். திறக்காமல் விட்டால் பெயர்ந்து வந்த சுண்ணாம்புச் செதில் அடுத்த டிரிப்பரில் போய்ச் சிக்கும். முழுக்க அடைத்த டிரிப்பருக்குள் தண்ணீரே போகாது, ஆசிட் எப்படிப் போகும்? சொட்டு குறையத் தொடங்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

இரும்பு, ஜி.ஐ., அலுமினியம் இருக்கும் இடத்துக்கு முன்னால் ஆசிட்டைச் செலுத்தாதீர்கள். ஃபில்டருக்கு அடுத்த பக்கத்தில் ஆசிட்டை விடுங்கள். எண்ணெய்த் துறையில் ஹெர்மன் ஃபிராஷ் 1896-லேயே கிணற்றில் ஆசிட் இறக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது பரவலானது, 1932-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் டவ் கெமிக்கல் நிறுவனம் இரும்பை அரிக்காமல் காக்கும் ஆர்சனிக் சேர்மத்தை ஆசிட்டோடு கலந்து இறக்கிய பிறகுதான். நம் கேனில் அப்படிப்பட்ட காப்பு எதுவும் கலந்திருக்காது.

அந்தக் கேனைப் போர்வெல்லுக்குள்ளேயே கவிழ்த்தால் ஊற்றுக்கண் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றில் அது பலித்தது சுண்ணாம்புப் பாறையில். தர்மபுரி, கிருஷ்ணகிரியின் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் என்ற கடினப் பாறைகள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் அவை கரையாது. அரிபடுவது மோட்டாரும் இரும்புக் கேஸிங்கும்தான், பக்கத்துப் போர்த் தண்ணீரும் கெடலாம். தண்ணீர் குறைந்தால் முதலில் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். திறந்த கிணற்றுக்குள் இருக்கும் போரில் ஊற்றினால், தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்து கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கி நிற்கும். இறங்கும் ஆள் மயங்கி விழுவார்.

மீந்த ஆசிட்டை மோட்டார் ரூமில் வைக்காதீர்கள். மூடியிருந்தாலும் கசியும் ஆவி ஸ்டார்ட்டரின் காண்டாக்டைப் பச்சை பூக்க வைத்துவிடும். காற்றோட்டமான, நிழலான இடத்தில், பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.