சண்டை விளையாட்டுகளில் ஊக்கத்தைக் குலைக்கும் தவறுகள்

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ என்ற சண்டை வீடியோ விளையாட்டில், ரேங்க் வரிசையின் உச்சியில் உள்ள மாஸ்டர் நிலையை அரும்பாடுபட்டு எட்டிய சில வாரங்களிலேயே ஆர்வம் வற்றி ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. அதுவரை ஒவ்வொரு ரேங்காக ஏறியதே அவர்களுக்கு ஊக்கமாக இருந்தது. மாஸ்டரிலோ 1500 புள்ளிகளில் தொடங்கும் மதிப்பு வென்றால் ஏறி, தோற்றால் இறங்குகிறது. எதிரே இருப்பவரும் ஏறத்தாழ நிகரானவர் என்பதால் பாதி ஆட்டங்களில் தோற்பது இயல்பு. உடன் ஆடுபவர்களும் சேர்ந்தே வளர்வதால், ஆட்டம் மேம்பட்டுக்கொண்டிருக்கும்போதுகூட எண் அசையாமல் நிற்கலாம். புள்ளியை மட்டுமே முன்னேற்றத்தின் அளவாகக் கொள்வதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரிய தவறு.

வெற்றி தோல்வி ஆட்டத்தின் தரத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. சண்டை வீடியோ விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில், 2004 ஆம் ஆண்டு டைகோ உமெஹாரா என்ற வீரர், எதிராளி ஜஸ்டின் வாங்கின் 15 அடிகள் கொண்ட சூப்பர் தாக்குதல் முழுவதையும் பாரி செய்து, அதாவது ஒவ்வோர் அடியையும் சரியான கணத்தில் தடுத்து, வென்ற காட்சி இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆனால் அவர் அடுத்து ஆடிய இறுதி ஆட்டத்தில் தோற்றார்.

அடுத்த தவறு, ஒரே நேரத்தில் அனைத்தையும் திருத்த முயல்வது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ இல், எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் டிரைவ் இம்பாக்ட் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 60 ஃபிரேம்கள் (திரையில் மாறும் படங்கள்) ஓடும் இந்த விளையாட்டில் அது 26 ஆவது ஃபிரேமில், அதாவது அரை நொடிக்கும் குறைவான நேரத்தில், வந்து தாக்குகிறது. பயிற்சி அறையில் அதற்குத் தவறாமல் பதிலடி கொடுப்பவர், உண்மையான ஆட்டத்தில் காம்போ எனப்படும் தொடர் அடிகளையும் எதிராளியின் தாவலையும் தூக்கி எறிதலையும் ஒருசேரக் கவனிப்பதால் தவறவிடுகிறார். உடனே தமக்கு வேகம் போதாது என்று மனம் சோர்கிறார். உண்மையில் அங்கே சிதறியது கவனம். ஒரு வாரம் முழுவதும் இந்த ஒன்றை மட்டும் குறிவைத்து, ஆட்டத்தில் தோற்றாலும் வந்த பத்தில் எத்தனைக்குப் பதில் கொடுத்தோம் என்று எண்ணிவந்தால், புள்ளி காட்டாத வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

தொடர்ந்து தோற்கும்போது இழந்ததை மீட்கும் வேகத்தில் ஆடிக்கொண்டே போவதும், சற்றுத் தடுமாறியதும் கதாபாத்திரத்தை மாற்றுவதும் தவிர்க்க வேண்டியவை. மூன்று தோல்விகளுக்குப் பின் எழுந்துவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளலாம். தோற்ற ஆட்டத்தின் பதிவான ரீப்ளேவை ஆறிய மனத்துடன் மறுநாள் பார்ப்பது நல்லது; ‘டெக்கன் 8’ என்ற மற்றொரு சண்டை விளையாட்டில் ரீப்ளேவின் நடுவிலேயே கட்டுப்பாட்டைக் கையில் எடுத்து, தவறிய இடத்தை மீண்டும் ஆடிப்பார்க்கவும் வழியுண்டு.

தனியாகவே பயில்வதும் மெல்ல மெல்லச் சோர்வைத் தரும். லாகூரில் சக வீரர்களுடன் நேருக்கு நேர் ஆடி வளர்ந்த பாகிஸ்தான் வீரர் அர்ஸ்லான் ஆஷ், 2019 இல் ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகஸில் நடந்த ஈவோவையும் ‘டெக்கன் 7’ இல் வென்றார். பக்கத்தில் அத்தகைய கூட்டம் இல்லாதவர்கள், தம்மை வென்றவரிடம் “என் ஆட்டத்தில் எதை எளிதாகக் கணித்தீர்கள்?” என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.