தியலுமவுக்குப் போற பாதை பூட்டிக்கிடந்தா என்ன செய்யலாம்

லீவில ஊருக்குப் போறவை கனபேர் இப்ப யாழ்ப்பாணத்தோட நிக்காம மலைநாட்டுப் பக்கமும் ஒரு நாலு நாள் போயினம், பிள்ளையள் போனில பாத்துட்டு முதல் கேக்கிறது தியலும நீர்வீழ்ச்சி தான். கொஸ்லாந்தையில இருந்து வெல்லவாய பக்கம் இறங்கேக்க ஏ4 ரோட்டிலயே தெரியும், 220 மீற்றர், இலங்கையில ரெண்டாவது உயரம். ஆனா எல்லாருக்கும் ஆசை மேல உச்சியில இருக்கிற தடாகங்களில இறங்கிறது.

மேல போக ரெண்டு வழி. ஒண்டு கீழ ரோட்டில இருந்து நேர ஏறுறது, நல்ல செங்குத்து, மழை பெஞ்சா களிமண் சறுக்கும். மற்றது பூனாகலைப் பக்கத்தால ஓட்டோவில சுத்திப்போய் இறங்கி மானாப்புல்லுக்குள்ளால நடக்கிறது, பிள்ளையளோட போறவைக்கு இது தான் சுகம். கீழ்ப்பாதை பூட்டினா மேல்பாதையும் பூட்டு எண்டு இல்லை, ஆனா திறந்திருக்கு எண்டு நீங்களா நினைச்சுக்கொண்டு போகவேண்டாம், கொஸ்லாந்தைக் கடைத்தெருவில ரெண்டு மூண்டு பேரிட்டக் கேளுங்கோ, தமிழிலயே கேக்கலாம், சுத்திவர தேயிலைத் தோட்டங்களில இருக்கிறது எங்கட ஆக்கள் தான்.

நாங்கள் போனது டிசம்பர் லீவில. ஜூலை, ஓகஸ்டில போனா அங்க தண்ணி குறைவு, டிசம்பரில வடகீழ்ப் பருவமழை, அருவி அப்ப தான் வடிவு, பாதை பூட்டுறதும் அப்ப தான். எங்களுக்கும் அப்பிடித்தான், கீழ்ப்பாதையில கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில நிண்ட ஒரு பொடியன் வந்து வேற குறுக்குப்பாதை இருக்கு, ரெண்டாயிரம் ரூபா தாங்கோ கூட்டிக்கொண்டு போறன் எண்டான், உண்மையைச் சொன்னா நான் காசை எடுத்திட்டன், கனடாவில இருந்து இவ்வளவு தூரம் வந்திட்டுத் திரும்பிறதா எண்டு மனம் கேக்கேல்லை. அப்ப ரோட்டோரத்தில சோளம் அவிச்சு வித்துக்கொண்டிருந்த அம்மா தான், "பாப்பாவ கூட்டிக்கிட்டு போவாதீங்க ஐயா, மண்ணு ஊறிப்போய் கெடக்கு" எண்டு மறிச்சவா.

அவ ஏன் அப்பிடிச் சொன்னவா எண்டு விளங்க வேணுமெண்டா மீரியபெத்தையைத் தெரிஞ்சிருக்க வேணும். அந்தத் தோட்டம் கொஸ்லாந்தைக்குக் கிட்டத் தான், 2014 ஒக்ரோபர் 29 காலமை மலை சரிஞ்சு லயங்கள், தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகள், அப்பிடியே மண்ணுக்குள்ள போனது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலுக்குள்ள பதுளை, கண்டி, நுவரெலியா எல்லாம் திரும்ப அதே மாதிரி. அங்க ஒரு பாதைக்குக் கயிறு கட்டுறது சும்மா இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு பிரதேச செயலகப் பிரிவு வாரியா விடும், போறதுக்கு முதல் நாள் இரவும் அண்டைக்குக் காலமையும் ரெண்டு தரம் பாருங்கோ, செம்மஞ்சள், சிவப்பெண்டா போற யோசினையை விடுங்கோ. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990, ரெண்டையும் போனில போட்டு வையுங்கோ.

நாங்கள் மேல போகேல்லை, கீழ பாலத்தடியில இருந்து பாத்தம். மத்தியானம் வரை வெள்ளை நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது, எங்களுக்கு நல்ல வெயில், மூண்டு மணிபோல பூனாகலைப் பக்கம் கருக்கல் கட்டிச்சுது, கொஞ்ச நேரத்தால தண்ணி ரீ சாயம் மாதிரி மாறி முறிஞ்ச கொப்பும் சருகுமா வரத் தொடங்கிட்டுது. கீழ ஒரு துளி மழை இல்லை. பூனாகலை வழி திறந்திருந்து நீங்கள் மேல போனா இதைத் தான் கவனிக்க வேணும்: தண்ணி கலங்கினா, சருகு கூட வந்தா, இரைச்சல் மாறினா, உடுப்பு சாமான் எடுக்க நிக்காம உடனே கரை ஏறுங்கோ. விளிம்புப் பக்கம் படம் எடுக்கப் போகாதேங்கோ, பாசிப்பாறை, அங்க வழுக்கி விழுந்து செத்த ஆக்கள் இருக்கினம்.

ரெண்டு பாதையும் பூட்டெண்டா நாள் வீண் எண்டில்லை. வெல்லவாய போய் எல்ல ரோட்டில ஏறினா இராவணா எல்ல அருவி ரோட்டோரத்திலயே விழுது, வாகனத்துக்குள்ள இருந்தே பாக்கலாம். மற்றப்பக்கம் ஹல்துமுல்ல தாண்டி கலுபஹனவில திரும்பினா பம்பரகந்த அருவி, 263 மீற்றர், நாட்டிலயே உயரமானது. இரண்டுக்கும் போகமுதல் ரோட்டு நிலைமையைக் கேளுங்கோ, அது மட்டும் காணும்.

சாமானெண்டா, பிடிமானமுள்ள சப்பாத்து, நீளக் காலுறை, அட்டைக்கு உப்பு, சில்லறைக் காசு. காலுறைக்கு வெளியால உப்புத்தண்ணியில நனைச்ச துணியைச் சுத்திவிட்டா அட்டை ஏறாது, அந்தச் சோளக்கார அம்மா தான் சொல்லித் தந்தவா. லயப்பக்கம் போகேக்க கேக்காம வீடுகளைப் படம் எடுக்காதேங்கோ, "படம் எடுக்கலாமா அம்மா" எண்டு கேட்டா அவையே பிள்ளையளைக் கூப்பிட்டு நிப்பாட்டுவினம்.